எண்பத்து நாலுக்கு மேலே: கொடிமலையில் பாக்கி வைத்திருந்த பாதி வழி

மலேசியாவில் பினாங்கு கொடிமலையில் எனக்குப் பாதி வழி பாக்கி இருந்தது. கீழே மூன் கேட்டிலிருந்து 84 என்கிற பாதி வழி ஓய்விடம் வரைக்கும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். மேலே ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளும் சின்ன வயதிலிருந்தே பழக்கம், பள்ளி விடுமுறை விட்டால் அப்பா அங்கேதான் கூட்டிப் போவார். நடுவில் இருக்கிற துண்டு, அதாவது 84க்கும் உச்சிக்கும் இடைப்பட்ட ஜீப் சாலை, அது மட்டும் நடக்காமலே கிடந்தது. போன வருஷம் ஏப்ரலில் அதை முடிக்கப் போய்ப் பாதியில் திரும்பினேன். இந்த மார்ச்சில் ஒரு ஞாயிறன்று தனியாகப் போய் முடித்துவிட்டு வந்தேன். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள், வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ்டவுனில் தண்ணீர்மலை முருகன் கோவிலைத் தாண்டி அதே சாலையில் நேராகப் போனால் தாவரவியல் பூங்கா வரும், 1884இல் தொடங்கிய பழைய பூங்கா. அதன் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாலையோரத்தில் வட்டமான வாசல் வைத்த வெள்ளைச் சுவர் ஒன்று நிற்கும். அதுதான் மூன் கேட். அதற்குள் நுழைந்தால் காட்டுப்பாதை, படிகள், வேர்கள், பாறை என்று 84 வரைக்கும் ஏறும். இன்னொரு வழி, பூங்கா வாசலை ஒட்டித் தொடங்கும் ஜீப் சாலை. உச்சி வரைக்கும் சுமார் 5 கிலோமீட்டர், முழுக்கப் பாவிய சாலைதான், ஆனால் சில வளைவுகளில் செங்குத்தாக நிற்கும். இரண்டு வழியும் 84 என்று எல்லாரும் சொல்லும் ஓய்விடத்தில் சேர்ந்துவிடும், அது ஏறக்குறைய பாதி வழி. உச்சிக்குப் போய்விட்டால் இறங்குவதற்கு மலை ரயில் இருக்கிறது. ஆனால் அந்த ரயிலின் கீழ் நிலையம் ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கிறது, மூன் கேட் பக்கம் இல்லை. காரைப் பூங்காவில் நிறுத்திவிட்டு ஏறி, ரயிலில் இறங்கி, அப்புறம் காரை எடுக்க கிராப் வாடகைக் கார் கூப்பிட்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் இந்த வருஷத்தைச் சொல்ல முடியாது. அப்போது நாலு பேர் போனோம், எல்லாரும் வேலையிடத்துத் தோழிகள். ஏழரைக்கு மூன் கேட்டில் சந்திப்பதாகப் பேச்சு. ஒருத்தி வரத் தாமதம், இன்னொருத்தி பசியாறவில்லை என்றாள், சரி வா என்று ரோட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பதே முக்கால். வெயில் ஏறிவிட்டது. ஏப்ரல் மாதத்தில் பினாங்கில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும், ஆனாலும் ஏறினோம். 84க்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். யாருக்கும் முதலில் வாயைத் திறக்க மனம் வரவில்லை, மற்ற மூன்று பேருக்கும் போக ஆசையாக இருக்குமே என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு பேசாமல் நடந்தோம் என்பது பிற்பாடு பேசும்போதுதான் தெரிந்தது. 84க்கு மேலே நாலைந்து வளைவு ஏறியிருப்போம், என் வலது தொடை இழுத்துக்கொண்டது. சாதாரண இழுப்பு இல்லை, தோலுக்கு அடியில் சதை தனியாகத் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. உட்கார்ந்து நீவிக்கொண்டிருக்கும்போதே ஆயர் ஈத்தாம் பக்கம் இடி கேட்டது.

திரும்பினது சரிதான். தவறு அதற்கப்புறம் நடந்தது. மழை பிடித்துக்கொண்டதும், வந்த வழியில்தான் போக வேண்டும் என்று 84இலிருந்து மறுபடியும் மூன் கேட் படிகளில் இறங்கினோம். ஜீப் சாலை பக்கத்திலேயே இருந்தது! சுற்று வழிதான், ஆனால் ஈரத்தில் கால் வைக்க நல்ல தரை. பழக்கத்தில் கால் போன வழியே போய், ஈர இலை மூடிக் கிடந்த வேர் ஒன்றில் வழுக்கி, இடது முழங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்து, மூன்று வாரம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த வேர் ஞாபகத்துக்கு வந்தது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், விழுவதெல்லாம் இறங்கும்போதுதான். இந்த மலையில் எனக்குத் தெரிந்து அடிபட்ட எல்லாருமே இறங்கும்போது அடிபட்டவர்கள்.

அதனால் இந்த வருஷம் தனியாகப் போவது என்று முடிவானதும் நான் முதலில் செய்தது சப்பாத்து வாங்குவதோ பை வாங்குவதோ இல்லை. ஒரு தாளை எடுத்து நேரங்களை எழுதினேன். 7.15க்கு மூன் கேட். 9.30க்குள் 84. 9.30 தாண்டினால் மேலே போவதில்லை, தேநீர் குடித்துவிட்டு ஜீப் சாலை வழியாக இறங்கிவிடுவது. மேலே போனால், 11.30க்கு எங்கே நிற்கிறேனோ அங்கே நின்று யோசிப்பது. 12.30க்குள் உச்சி. ஒவ்வோர் இடத்திலும் அண்ணிக்குக் குறுஞ்செய்தி. ஒரு மணிக்கு எந்தச் செய்தியும் இல்லையென்றால் அவர் என்னைக் கூப்பிட வேண்டும், இரண்டு மணி வரைக்கும் நான் எடுக்கவில்லையென்றால் அவசர உதவி எண் 999. எந்த வழியாக ஏறுகிறேன், எந்த வழியாக இறங்குகிறேன், என்ன நிறச் சட்டை என்பதையும் அதே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். அண்ணி அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதி ஒட்டுறதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு, போகாம இருக்கக் கூடாதா?" என்றார். பயமாக இருப்பதால்தான் அண்ணி எழுதி ஒட்டுகிறேன் என்றேன்.

தனியாக நடப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். திரும்புவதா மேலே போவதா என்பதை வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். மேலே, வியர்த்து, பசித்து, இன்னும் கொஞ்சம்தானே என்று கால் சொல்லும்போது எடுக்கும் முடிவை நம்ப முடியாது. கூட்டமாகப் போனால் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டு தப்பு செய்வோம், தனியாகப் போனால் தடுக்க ஆளில்லாமல் தப்பு செய்வோம். தாளில் எழுதினது இரண்டுக்கும் பொதுவான தடை.

அந்த வாரத்திலேயே இன்னொரு வேலையும் செய்தேன், மலை ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பராமரிப்புக்காக அவ்வப்போது ரயிலை நிறுத்துவார்கள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, ரயில் இல்லை என்று தெரிந்து, ஏறின அதே 5 கிலோமீட்டரை இறங்குகிற நிலைமை வந்தால் முழங்காலுக்கு அது இரண்டாவது மலை. உச்சிச் சாலைகளிலிருந்து பிரியும் காட்டுத் தடங்களில் போகிற எண்ணம் இருந்தால் அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் போனது சாலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஆள் நடமாட்டம் நல்லது. ஞாயிறு காலையில் மூன் கேட் பாதையில் பத்து நிமிஷத்துக்கு ஒருவராவது எதிரில் வருவார், அதுவும் விடியும் முன்னே ஏறிவிட்டு ஏழரைக்கே இறங்கி வருகிற சீனப் பெரியவர்கள், கையில் குச்சி, கழுத்தில் துண்டு, ஒவ்வொருவரும் "மோர்னிங்" சொல்லாமல் போக மாட்டார்கள். வார நாளில் அந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும்.

அன்று 7.15க்கு மூன் கேட்டுக்குள் நுழைந்தேன். நம் ஊரில் அந்நேரம்தான் வெளுக்கும், காட்டுக்குள் இன்னும் இருட்டு மிச்சம் இருக்கும், முதல் இருபது நிமிஷம் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். முந்தின நாள் மழை இல்லை, படிகள் காய்ந்திருந்தன. மழைக்கு மறுநாள் என்றால் இந்தப் பாதையில் அட்டை இருக்கும். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் நகத்தை அதன் வாய்க்குக் கீழே பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளிவிடுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பகுதியை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத் தொடங்கிய முதல் அரை மணி நேரம்தான் உடம்புக்கு மோசம், மூச்சு இன்னும் பிடிபட்டிருக்காது, படிகளும் ஒரே சீராக இருக்காது, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். தனியாக இருப்பதால் நான் மனதுக்குள் திருப்புகழ் சொல்லிக்கொண்டே ஏறினேன், வரி முடிவதற்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பூங்காப் பக்கத்து நீளவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று பழகிவிட்டது. அன்று எனக்கு முன்னால் போன ஓர் இளைஞர் சிவப்புப் பையில் ரொட்டி வைத்துக் கையில் ஆட்டிக்கொண்டே போனார். மரத்திலிருந்து இறங்கின ஒரு பெரிய ஆண் குரங்கு நேராக வந்து பையின் அடியைப் பிடித்து இழுத்தது, அவரும் விடாமல் இழுக்க, அது பல்லைக் காட்டியது. "விட்ருங்க தம்பி!" என்று நான் கத்தின பிறகுதான் விட்டார். ரொட்டி இரண்டு வெள்ளி, குரங்கு கடித்தால் ஊசிகள், மருத்துவமனை, ஒரு வார விடுப்பு. சாப்பாடு முழுவதும் பைக்குள், பை மூடி முதுகில். கையில் எதுவும் வேண்டாம்.

84க்கு வந்தபோது 9.05. தாளில் எழுதினதற்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே. அண்ணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்ளும் ஓய்விடம் அது, சூடான தேநீர் இருந்தது, உண்டியலில் போட்டுவிட்டுக் குடித்தேன். பக்கத்தில் எழுபது வயதிருக்கும் சீன அங்கிள் ஒருவர், பனியன் முழுக்க நனைந்து, அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வேறு பனியன் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து "சொராங் சாஜா?" என்றார், தனியாகவா என்று. ஆமாம், மேலே போகிறேன் என்றேன். என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, தூக்கிப் பார்த்தார். எவ்வளவு பாக்கி என்பதைக் கனத்திலேயே பார்க்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. பெரிய போத்தலில் முக்கால்வாசி இருந்தது, பையில் இன்னொன்றும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு "பெலான் பெலான்", மெதுவாகப் போ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

தண்ணீர் விஷயத்தில் போன வருஷம் நான் செய்த தப்பு குறைவாகக் குடித்தது இல்லை. ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தேன். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு உப்பும் போகும், வெறும் தண்ணீரால் அந்த உப்பை ஈடு செய்ய முடியாது. தொடை இழுத்ததற்கு அதுவும், பழக்கமில்லாத சதையை வெயிலில் விரட்டியதும் சேர்ந்துதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த முறை இரண்டு லிட்டர், அதில் ஒரு போத்தலில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் என்கிற உப்பு சர்க்கரைப் பொடி, சட்டைப்பையில் ஆசாம் போய் என்கிற உப்பும் புளிப்புமான உலர்பழம் நாலு. வாயில் ஒன்றைப் போட்டு ஒதுக்கிக்கொண்டால் அரை மணி நேரம் உப்பும் புளிப்பும் ஊறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குடிக்கவும் ஞாபகம் வரும். இதெல்லாம் போக, அந்த மார்ச்சுக்கு முன்னே எட்டு வாரம் வீட்டு அடுக்குமாடியில் வாரத்துக்கு மூன்று நாள் படியேறினேன். கீழ்த்தளத்திலிருந்து பதினான்காவது மாடி, இரண்டு முறை, இறங்கும்போது மின்தூக்கி இல்லாமல். தொடை இழுக்காததற்கு ஆசாம் போயைவிட அந்தப் படிகள்தான் முக்கியக் காரணமாக இருக்கும்.

சரி, 9.25க்கு 84ஐ விட்டுக் கிளம்பினேன். இனிமேல் வருவது எனக்குப் புதுசு.

ஜீப் சாலை என்றால் எளிது என்று நினைத்திருந்தேன். படியில் ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் பாதம் சமமாக வைக்க இடம் கிடைக்கும். இந்தச் சாலையிலோ பாதம் எப்போதும் சாய்ந்தே இருக்கும், குதிகால் கீழே, விரல் மேலே, பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிடும். அதற்கு நான் கண்ட வழி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாகக் குறுக்கே நடப்பது. தூரம் கூடும், ஆனால் சரிவு குறையும். வளைவுகளில் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கொஞ்சம் படுத்திருக்கும், அதனால் வெளிப்பக்கமாகப் போங்கள். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள், மேலே பங்களாக்களுக்கும் கடைகளுக்கும் சாமான் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இந்த வழியில்தான் வரும். ஏறி வரும் வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு வரும், இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டுவிடும். இறங்கி வரும் வண்டிதான் சத்தமில்லாமல் வரும். நிழல் விழாத இடங்களில் தரை காய்ந்திருந்தது, மரம் கவிந்த இடங்களில் பச்சையாகப் பாசி. அதில் கால் வைத்தால் காய்ந்த நாளிலேயே வழுக்கும். டயர் உருண்டு தேய்ந்த தடத்தில் பாசி இருக்காது, அதன் மேலேயே நடங்கள்.

சில வளைவுகளில் மலைப்பக்கம் புதுச் சுவர் எழுப்பிக் கம்பி வலை போட்டிருந்தார்கள். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பிடித்த மழையும் காற்றும் பினாங்கில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த மழையில் இந்த மலையில் பல இடம் சரிந்தது, இந்தச் சாலையும் தப்பவில்லை. சரிந்த இடங்களில் இப்போது பெரணி மட்டும் அடர்த்தியாக முளைத்துக் கிடக்கிறது, சுற்றிலும் உயர்ந்த காடு, நடுவில் ஒரு பச்சைத் தழும்பு. அந்த இடங்களில் நான் உட்காரவில்லை, நின்று படமும் எடுக்கவில்லை, மழைக்காலத்தில் போகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

பத்தேகாலுக்கு ஒரு வளைவில் ஓய்வுக்கு நின்றேன். தலைக்கு மேலே கிளை ஆடியது, பார்த்தால் கண்ணாடிக் குரங்குக் கூட்டம். சாம்பல் கருப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், அதனால் அந்தப் பேர். மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். ஒரு தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி, பிறந்து சில வாரம்தான் இருக்கும், வளர வளரத்தான் கருக்கும். கீழே இருக்கும் குரங்குகளைப் போல இவை நம்மிடம் வருவதில்லை. தாய் இலையைப் பறித்து, காம்பை ஒரு பக்கம் ஒதுக்கி, இலையை மட்டும் தின்றுவிட்டுக் காம்பைக் கீழே போட்டது. அது என் தொப்பியில் விழுந்தது. ஐந்து நிமிஷம் ஓய்வெடுக்க எண்ணியவள் பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டேன், தனியாகப் போனதில் எனக்குக் கிடைத்த பெரிய வரவு அந்தப் பதினைந்து நிமிஷம். கூட ஆள் இருந்திருந்தால் போகலாமா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அதற்கு மேலே வழி நீண்டுகொண்டே போனது. மரங்களுக்கு நடுவே வானம் தெரியும், இதோ உச்சி என்று நினைப்பேன், வளைவு திரும்பினால் இன்னொரு ஏற்றம். மூன்று முறை அப்படி ஏமாந்த பிறகு மேலே பார்ப்பதை விட்டுவிட்டேன். அடுத்த வளைவு வரைக்கும் மட்டும், அங்கே இருபது மூச்சு, அப்புறம் அதற்கடுத்த வளைவு. ஒரு ஜீப் நின்றது, ஓட்டி வந்த மலாய்க்கார அண்ணன் "நாயிக்?", ஏறிக்கொள்கிறாயா என்று பின் இருக்கையைக் காட்டினார். நல்ல மனுஷர். நன்றி சொல்லி வேண்டாம் என்றேன். இந்தத் துண்டைக் காலால் முடிக்கத்தானே ஒரு வருஷம் காத்திருந்தேன்.

11.20 இருக்கும், வெளிச்சம் மங்கியது. கீழேயிருந்து வெள்ளையாக மூடுபனி ஏறி வந்தது, ஐந்து நிமிஷத்தில் முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று நிறுத்திவிட்டன. தூரத்தில் இடி. போன வருஷம் கேட்ட அதே மாதிரி இடி. உடம்பு முழுக்க, திரும்பு என்று சொன்னது.

தாளில் எழுதினபடி 11.30க்கு நின்று யோசிக்க வேண்டும். நின்றேன். கைப்பேசி வரைபடத்தைப் பார்த்தேன் (முந்தின நாளே இறக்கி வைத்திருந்தேன், அந்த வளைவில் அலைவரிசை இல்லை). உச்சிக்கு அரை கிலோமீட்டர் சொச்சம், 84க்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மேலே கூரை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ரயில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கீழே போனால் பாசி படிந்த சரிவில், மழையில், ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்க வேண்டும். போன வருஷம் திரும்பினது சரியாக இருந்ததால் இந்த வருஷமும் திரும்புவதே பத்திரம் என்று பயம் சொன்னது, ஆனால் அந்த வளைவில் பத்திரமான பக்கம் மேலேதான் இருந்தது. இதை நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. திரும்பும் நேரம் என்று ஒன்றை மட்டும் எழுதி வைப்பது போதாது, எந்த இடத்தைத் தாண்டினால் முன்னே போவது பின்னே போவதைவிடக் கிட்டம் என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போக வேண்டும். மேலே ரயிலும் கட்டடமும் இருக்கிற இந்த மலையில் அது சரி. வந்த வழியேதான் திரும்ப வேண்டிய மலைகளுக்கு இந்தக் கணக்கைக் கொண்டு போகாதீர்கள்.

கைப்பேசியையும் பணத்தையும் நெகிழிப் பையில் போட்டுக் கட்டினேன், மழைச்சட்டையை மாட்டினேன், பெரிய மரத்தடியில் ஒதுங்காமல் நடந்தேன். ஏழெட்டு நிமிஷம் கழித்து மழை. சாலையின் இரண்டு ஓரமும் ஓடையாகி, காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு சப்பாத்தின் மேலே ஏறி ஓடியது. அவசரப்படவில்லை. ஓடினால் விழுவேன், நனைந்தால் நனைந்துவிட்டுப் போகிறேன். முதல் பங்களா வேலி தெரிந்தது, அப்புறம் ஒரு விளக்குக் கம்பம், அப்புறம் குடை பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம், குழந்தை கையில் ஐஸ்கிரீம். அவர்கள் ரயிலில் வந்தவர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மணி 11.55.

உச்சி என்றேன், சரியாகச் சொன்னால் அது ரயில் நிலையம் இருக்கும் பகுதி. கொடிமலையின் உண்மையான உயரமான இடம் 833 மீட்டர், மேற்குப் பக்கத்துக் குன்று, அது இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. அன்று மழையில் அங்கே போகவில்லை.

மேலே சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சட்டை மாற்றுவது. ஊருக்குள் இருப்பதைவிட அங்கே நாலைந்து டிகிரி குறைவு, காற்றும் வீசும், நனைந்த துணியோடு நின்றால் பத்து நிமிஷத்தில் பல் கிட்டும். கழிவறையில் சட்டையும் காலுறையும் மாற்றிக்கொண்டு, சாப்பாட்டுக் கடையில் சூடாக ஒரு மைலோவும் மீ கோரேங்கும் வாங்கி உட்கார்ந்தேன். மழை விட்டதும் மேலேயே இருக்கும் முருகன் கோவிலுக்குப் போய் வெளியே நின்று கும்பிட்டேன். பக்கத்திலேயே பள்ளிவாசல், இரண்டு கூரையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரயிலுக்கு வரிசை நீளம், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். இறங்குவதற்கு மட்டும் ஒருவழிச் சீட்டு கிடைக்கும், அடையாள அட்டையை மறக்காதீர்கள், உள்ளூர்க்காரர்களுக்கு விலை வேறு. 1923இலிருந்து இந்தத் தடத்தில் ரயில் ஓடுகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், அப்பா அந்த இடைவெளியில் கடலை வாங்கித் தருவார். 2011இல் புது வண்டிகள் வந்த பிறகு மாறுவது இல்லை, சில நிமிஷத்தில் கீழே வந்துவிடுகிறது. ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம் ஏறினதை அவ்வளவு சீக்கிரத்தில் இறங்கும்போது கண்ணாடியோரம் நின்று காட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக்குள் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்துவிட்டு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். தாள் அப்படியே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அண்ணி பேனாவால் சரி போட்டிருந்தார், செய்தி வந்து சேர்ந்த நிமிஷத்தோடு. 84க்கும் உச்சிக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் சின்ன எழுத்தில் "10.50 இங்கே பெரிய மழை" என்று எழுதியிருந்தது. நான் நின்று குரங்குக்குட்டியைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கின நேரத்துக்குச் சற்றுப் பின்னால், கெலுகோரில் எங்கள் வீட்டு மேல் மழை கொட்டியிருக்கிறது, மலைக்கு வர இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"ஏன் அண்ணி, எனக்கு ஒரு செய்தி போட்டிருக்கலாமே?" என்றேன்.

"நீ அனுப்புறதுக்குத்தானே நேரம் எழுதியிருந்தே, நான் அனுப்பணும்னு எழுதலையே," என்றார்.

உண்மைதான். அலைவரிசை அங்கங்கே விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆனால் பதினொன்றுக்கு முந்தின வளைவில் இரண்டு கோடு இருந்தது, செய்தி வந்திருக்கும். மேற்குக் குன்றுக்குப் போக ஜூனில் ஒரு ஞாயிறு பார்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை தாளில் இரண்டு பத்தி, ஒன்று எனக்கு, ஒன்று அண்ணிக்கு. அவர் பத்தியில் முதல் வரியே மழை.